மண்ணெண்ணெய் தந்த கல்: நியூன்ஸ் காட்டுப் பாதையில் ஒரு சுற்று

சிட்னியில் இருக்கும் மகனையோ மகளையோ பார்த்துவிட்டுத் திரும்பும் நம் குடியிருப்புவாசிகள் காட்டும் படங்களில் மூன்று இடங்கள் தவறாமல் இருக்கும்: ஆபரா ஹவுஸ், ஹார்பர் பாலம், கட்டூம்பாவில் உள்ள மூன்று சகோதரிகள் பாறை. கட்டூம்பாவிலிருந்து காரில் சுமார் ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருக்கிறது வோல்கன் பள்ளத்தாக்கு. அங்கே நியூன்ஸ் என்று ஓர் ஊர் இருந்தது. இப்போது ஊர் இல்லை. ஆறு, ஓடைகள், யூகலிப்டஸ் காடு, அந்தக் காட்டுக்குள் ஒரு பெரிய எண்ணெய் ஆலையின் இடிபாடுகள் ஆகியவைதான் இருக்கின்றன. ஆற்றைக் கடந்து, பழைய ரயில் பாதையில் ஏறி, ஒரு சுரங்கப் பாதைக்குள் நுழைந்து, குதிரைவண்டிப் பாதை வழியாக இறங்கிவரும் சுமார் பத்து கிலோமீட்டர் சுற்று நடை ஒன்று உண்டு. அதைப் பற்றியும், அந்த ஆலை ஏன் விழுந்தது என்பது பற்றியும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பெயர்க் காரணம். சர் ஜார்ஜ் நியூன்ஸ் இங்கிலாந்தின் பத்திரிகை முதலாளி. 1881-இல் 'டிட்-பிட்ஸ்' என்ற துணுக்கு வார இதழைத் தொடங்கிப் பெரும் பணம் சேர்த்தார். 1891-இல் 'ஸ்ட்ராண்ட் மேகஸின்' தொடங்கினார். ஷெர்லாக் ஹோம்ஸ் சிறுகதைகள் முதலில் வெளிவந்தது அந்த இதழில்தான். நம்மில் பலர் பள்ளி நாளில் விழுந்து விழுந்து படித்த அந்தத் துப்பறியும் கதைகளை அச்சிட்ட மனிதரின் பெயர்தான், ஆஸ்திரேலியக் காட்டில் ஆளில்லாத ஓர் ஊருக்கும் இருக்கிறது. கையில் பணம் வந்தபின் அவருக்குப் பெரிய முயற்சிகளில் ஆசை வந்தது. இங்கிலாந்தின் லின்டனில் தண்ணீர் எடையால் இயங்கும் மலை ரயிலுக்குப் பணம் கொடுத்தார். அது இன்றும் ஓடுகிறது. 1898-இல் அண்டார்டிகாவுக்குப் போன ஓர் ஆய்வுப் பயணத்துக்கும் அவர்தான் செலவு செய்தார். 1905-இல் தொடங்கிய காமன்வெல்த் ஆயில் கார்ப்பரேஷனின் தலைவராக ஆஸ்திரேலியாவில் எண்ணெய் எடுக்கப் புறப்பட்டார்.

எண்ணெய் என்றால் பூமியில் குழாய் இறக்கி எடுப்பதல்ல. கல்லிலிருந்து எடுப்பது. சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் ஏரிகளில் வாழ்ந்த பாசி செத்துப் படிந்து, மண்ணுக்கடியில் அழுந்தி, நிலக்கரிப் படுகைகளுக்கு நடுவே கரிய நிறத்தில் பாறையாகிக் கிடந்தது. நியூ சவுத் வேல்ஸில் இதை 'கெரசின் ஷேல்' என்றே அழைத்தார்கள். நம் தமிழில் 'மண்ணெண்ணெய்' என்ற சொல் இதற்குத்தான் அச்சாகப் பொருந்துகிறது. ரேஷன் கடை வரிசையில் டின்னோடு நின்ற தலைமுறை நாம். அந்தச் சொல்லின் பொருளை எத்தனை பேர் யோசித்தோம்?

எடுக்கும் முறை, மூலிகைத் தைலம் வடிப்பது போன்றது. கல்லை வெட்டி, உடைத்து, காற்றுப் புகாத உயரமான வாலைகளில் கொட்டிச் சூடாக்குவார்கள். கல்லுக்குள் இருப்பது ஆவியாகி வெளியே வரும். அதைக் குளிரவைத்தால் கச்சா எண்ணெய். அதை மேலும் வடித்துச் சுத்தம் செய்தால் விளக்குக்கு மண்ணெண்ணெய், இயந்திரத்துக்கு மசகெண்ணெய், மெழுகுவத்திக்கு மெழுகு, வயலுக்கு அம்மோனியம் சல்பேட் உரம் என்று வரிசையாகக் கிடைக்கும். தொழில் புதியதல்ல. ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் யங் என்பவர் 1850-இலேயே காப்புரிமை வாங்கியிருந்தார். நியூ சவுத் வேல்ஸிலும் 1865 முதல் சிறு அளவில் நடந்தது. வோல்கனில் புதிதாக இருந்தது அளவு. சுரங்கம், ஆலை, சுத்திகரிப்பு, கோக் அடுப்பு, ரயில், ஊர் எல்லாம் ஒரே மூச்சில்.

இதில் மிக அழகாக முடிந்த வேலை ரயில்தான். சிட்னியிலிருந்து மேற்கே போகும் பெரிய பாதையிலிருந்து பிரிந்து, பீடபூமியைக் கடந்து, செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவே பள்ளத்தாக்கில் இறங்க வேண்டும். சுமார் 51 கிலோமீட்டர். இதை வகுத்தவர் ஹென்றி டீன். மாநில ரயில்வேயில் தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பின் சும்மா இருக்க முடியாதவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நம் சங்கத்தின் செயற்குழுவைப் பார்த்தாலே தெரியும். டீன் தாவரவியலிலும் தேர்ந்தவர், யூகலிப்டஸ் மரங்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் எழுதியவர்.

பாதையின் சரிவு 25 அடிக்கு ஓர் அடி. நம் ஊட்டி ரயிலின் சரிவு இதைப்போல் இரு மடங்கு; ஆனால் அங்கே தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம் உண்டு. டீன் பல்சட்டம் போடவில்லை. அமெரிக்காவில் மரம் வெட்டும் காடுகளில் ஓடிய 'ஷே' எஞ்சின்கள் நான்கை வரவழைத்தார். அவற்றில் சிலிண்டர்கள் செங்குத்தாக ஒரு பக்கத்தில் இருக்கும். அங்கிருந்து நீண்ட தண்டும் பல்சக்கரங்களும் எல்லாச் சக்கரங்களையும் சுழற்றும். வேகம் குறைவு, பிடிப்பு அதிகம். இறுக்கமான வளைவுகளிலும் அவை சமாளிக்கும். 1906-இல் வேலை தொடங்கி 1907-இல் பாதை பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்துவிட்டது. அந்த மலையையும் அந்தக் காலக் கருவிகளையும் நினைத்தால் அசுர வேகம்.

சுற்று நடையின் பாதி இந்த ரயில் பாதையின் மேல்தான். வோல்கன் ஆற்றை முதலில் கடக்க வேண்டும். பாலம் கிடையாது, தண்ணீரில் இறங்கித்தான் போக வேண்டும். சாதாரண நாளில் கணுக்காலுக்கு மேல் போகாது. மழைக்குப் பின் இறங்கவே கூடாது. பிறகு ஓர் ஏற்றம். மூச்சு வாங்கி மேலே வந்ததும் திடீரென்று தரை சமமாகிவிடுகிறது. மலையின் இடுப்பில் வெட்டிய மேடை போலப் பாதை நீள்கிறது. தண்டவாளம் இல்லை, கட்டைகள் இல்லை. ஆனால் நம் கால் அந்த மெல்லிய, மாறாத ஏற்றத்தை உணர்ந்துவிடுகிறது. மனிதன் நடந்து நடந்து உண்டான தடம் இப்படி இருக்காது. இது கணக்குப் போட்டு வெட்டியது. ஒரு பக்கம் மணற்பாறைச் சுவர், மறுபக்கம் கீழே யூகலிப்டஸ் உச்சிகள். மேலே கோபுரத் தட்டுகள் அடுக்கியது போன்ற பாறைகள் நிற்கின்றன. அவற்றுக்கு அங்கே 'பகோடா' என்றே பெயர். நமக்குக் கோபுரம் என்று சொல்லத் தோன்றுகிறது.

அடுத்து வருவது சுரங்கப் பாதை. நீளம் சுமார் 400 மீட்டர். வளைந்து போவதால் நடுவே வந்ததும் இரு வாயிலும் தெரியாது. தரையில் ஒரு சிற்றோடை ஓடுகிறது, கல் தடுக்கும். டார்ச்சை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் பேசாமல் நிற்க வேண்டும். கண் பழகப் பழக, தலைக்கு மேலும் சுவரிலும் நீலப் பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தெரியும், பிறகு நூற்றுக்கணக்கில். இவை நம் மின்மினி அல்ல. மின்மினி வண்டினம், பறக்கும், விட்டு விட்டு ஒளிரும். இவை ஒரு வகைச் சிறு ஈயின் புழுக்கள். அசையாமல் ஒட்டிக்கொண்டு, பசை முத்துகள் கோத்த நூல்களைத் தொங்கவிட்டு, வெளிச்சத்தை நம்பி வரும் கொசு போன்ற பூச்சிகளைப் பிடித்துத் தின்கின்றன. பல மாதம் இப்படி வாழ்ந்து, சிறகு முளைத்தபின் சில நாளில் இறந்துவிடுகின்றன. சிறகு வந்தபின் உணவே கிடையாது. புகை கக்கிய எஞ்சின்கள் ஓடிய குழாய் இப்போது இந்தப் புழுக்களின் வீடு. டார்ச்சை அவற்றின் மேல் அடித்தால் வெளிச்சத்தை நிறுத்திக்கொள்கின்றன, அன்றைய சாப்பாடு போயிற்று. ஃபிளாஷ் போட்டுப் படம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

மறு வாயிலில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த மரப்பெரணிகள் நிறைந்த ஒரு குறுகிய இடுக்கு. அங்கிருந்து பழைய குதிரைவண்டிப் பாதையில் இறங்கினால் மீண்டும் பள்ளத்தாக்குத் தரை.

ஆலையின் இடிபாடுகள் அங்கிருந்து சிறிது தூரத்தில், ஊர் இருந்த இடத்துக்கு எதிரே, ஆற்றின் அக்கரையில். லிட்டில் கேப்பர்டீ ஓடை வந்து ஆற்றில் சேரும் இடத்தருகே முகாம் போடும் புல்வெளி இருக்கிறது. மறுபடி ஆற்றைக் கடந்து போக வேண்டும். மலைச்சரிவில் படிப்படியாகக் கட்டிய ஆலை அது. மேலே கல் வந்து சேரும், கீழே இறங்க இறங்க எண்ணெய் சுத்தமாகும். இன்றும் அந்த வரிசையில் நடந்து பார்க்கலாம். தேன்கூட்டு வடிவில் செங்கல்லால் கட்டிய கோக் அடுப்புகள் வரிசையாக இருக்கின்றன. சிலவற்றுக்குள் குனிந்து பார்த்தால் உட்பக்கச் செங்கல் உருகிக் கண்ணாடி போலப் பளபளக்கிறது. எண்ணெய் கழுவும் தொட்டிகளின் வட்டங்கள், மெழுகு பிரித்த கட்டடத்தின் சுவர்கள், துருப்பிடித்த கொதிகலன்கள், சுவரைப் பிளந்து வளர்ந்த மரங்கள். அங்கங்கே விளக்கப் பலகை வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் எதுவும் செய்யவில்லை. சுண்ணாம்பு பூசவில்லை, கண்காட்சிக் கூடம் கட்டவில்லை, இடித்து இரும்பு வியாபாரிக்கும் போடவில்லை. பழையதை ஒன்று இடிப்பது, அல்லது பெயின்ட் அடித்து அடையாளம் தெரியாமல் ஆக்குவது என்ற இரண்டே வழி தெரிந்த நமக்கு இந்த மூன்றாவது வழி பார்க்க வேண்டிய ஒன்று.

சரி, ஏன் விழுந்தது? வாலைகளில்தான் விஷயம். நிறுவனம் ஸ்காட்லாந்தின் பம்ப்பர்ஸ்டன் வகை வாலைகளைக் கட்டியது. அங்கே பல காலம் நன்றாக ஓடிய, பேர் பெற்ற வடிவமைப்பு. ஆனால் ஸ்காட்லாந்துக் கல் ஏழைக் கல். அங்கே ஒரு டன் கல்லில் கிடைக்கும் எண்ணெயைப்போல் பல மடங்கு வோல்கனின் நல்ல கல்லில் இருந்தது. டன்னுக்கு 100 காலனுக்கும் மேல், அதாவது 450 லிட்டருக்கும் அதிகம். இதைக் காட்டித்தான் லண்டனில் பங்குகள் விற்கப்பட்டன. அந்தச் செழிப்பே எமனாக வந்தது. ஏழைக் கல் சூட்டில் உதிர்ந்து கீழே இறங்கும். வோல்கன் கல் இளகியது, உப்பியது, கெட்டியாகி வாலைக்குள் அடைத்துக்கொண்டது. அடுப்பை அணைத்து, ஆளை விட்டுக் குடைந்து எடுக்க வேண்டியதாயிற்று.

ஒரு வாலையைக் கட்டி, நூறு டன் கல்லைப் போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ரயிலுக்கு 1907-இலேயே வேலை முடிந்துவிட்டது. வாலைகள் மூட்டப்பட்டதோ 1911-இல். நான்கு ஆண்டுகள் இடைவெளி இருந்தும் அந்தச் சோதனை ஒழுங்காக நடக்கவில்லை என்பதைத்தான் விளைவு காட்டுகிறது. என் கணிப்பில் இது பேராசை மட்டும் அல்ல. ரயில், ஊர், சிமினி என்று கண்ணுக்குத் தெரிகிற வேலை வேகமாக நடக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத வேலையும் நடந்துகொண்டிருக்கிறது என்று எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். நியூன்ஸ் 1910-இல் இறந்துவிட்டார். தன் பெயரிட்ட ஆலையில் முதல் வாலை மூட்டப்படும் நாளை அவர் பார்க்கவில்லை. இரண்டு ஆண்டுகள்கூட ஓடாமல் ஆலை நின்றது. நிறுவனம் கடன்காரர்களின் கைக்குப் போயிற்று.

பங்குதாரர்கள் லண்டனில் இருந்தார்கள். வோல்கனில் இருந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களும் குடும்பங்களும். பள்ளிக்கூடம், அஞ்சலகம், கடைகள், மதுவிடுதி எல்லாம் வந்துவிட்ட ஊர். ஆனால் பலருக்கு வீடு என்பது மரச்சட்டத்தில் சாக்குத்துணி கட்டிய குடிசைதான். பள்ளத்தாக்கில் வேறு வேலை கிடையாது. நாலு பக்கமும் பாறைச் சுவர், வெளியே போக நிறுவனத்தின் ரயில். கூலி நின்ற மறு மாதம் ஊர் காலியாகத் தொடங்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. காட்டில் ஊர் இருந்த இடத்தைத் தேடினால் ஆலைக்கு இருக்கும் அளவு அடையாளம் இல்லை. சாக்குத்துணிக்கு இடிபாடு ஏது? அடுப்புக்கல், இரண்டு மூன்று செங்கல், யாரோ வைத்த ஒரு பழமரம், அவ்வளவுதான்.

ஜான் ஃபெல் என்பவர் வந்து ஆலையை மறுபடி எழுப்பினார். எண்ணெய்த் தொழிலைக் கைப்பழக்கமாக அறிந்தவர். முதல் உலகப் போர்க் காலம் அது. வாலைகளை உள்ளூர்க் கல்லுக்கு ஏற்றபடி திருத்தினார், அவை ஓடின. முதலில் யாரும் கேட்காத கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் பத்தாண்டு தாமதமாக. அரசு 1917-இல் ஷேல் எண்ணெய்க்கு மானியச் சட்டம் கொண்டுவந்து தாங்கிப் பிடித்தது. போர் முடிந்ததும் அமெரிக்காவிலிருந்தும் டச்சுக்காரர் வசமிருந்த கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்தும் கிணற்று எண்ணெய் மலிவாக வந்து இறங்கியது. கல்லை வெட்டி, உடைத்து, சுட்டு எடுக்கும் எண்ணெய் அதோடு போட்டி போட முடியுமா? 1920-களின் தொடக்கத்தில் மறுபடி நின்றது. உலகப் பொருளாதார வீழ்ச்சியின்போது, 1930-இல், வேலையிழந்த சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பிழைப்பு தருவதற்காக ஒரு குழு அமைத்து மீண்டும் ஓட்டிப் பார்த்தார்கள். அதுவும் நிலைக்கவில்லை. 1932-இல் ரயில் நின்றது. 1940 வாக்கில் தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள்.

கதை அத்தோடு முடியவில்லை. மலைமுகட்டுக்கு அப்பால், கேப்பர்டீ பள்ளத்தாக்கில், அரசின் ஆதரவோடு கிளென் டேவிஸ் என்ற இடத்தில் புதிய ஷேல் எண்ணெய் ஆலை எழுந்தது. நியூன்ஸில் உருப்படியாக இருந்த இயந்திரங்களைக் கழற்றி அங்கே கொண்டுபோனார்கள். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் தட்டுப்பாட்டில் அது நாட்டுக்குக் கைகொடுத்தது. 1952-இல் அதையும் மூடினார்கள். இப்போது அங்கேயும் இடிபாடுகள்தான்.

நியூன்ஸ் ஊரில் கடைசிவரை நின்றது மதுவிடுதி மட்டுமே. வெள்ளத்தில் ஆற்றங்கரை அரித்துக்கொண்டே வர, 1980-களில் அந்தக் கட்டடத்தைக் கரையிலிருந்து தள்ளி நகர்த்தி வைத்தார்கள். இப்போது அதில் மது கிடையாது.

காட்டின் நிலைமையையும் சொல்லிவிட வேண்டும். வோல்கன் விராஜுரி மக்களின் பாரம்பரிய நிலம். ஆலைக் கதை அதில் ஒரு மிகச் சிறிய துண்டு. சுரங்கப் பாதை இருக்கும் வொல்லெமை தேசியப் பூங்கா 2000-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்ட நீல மலைப் பகுதியின் ஒரு பாகம். 2019 அக்டோபரில் இந்தப் பூங்காவில் மின்னல் விழுந்து தொடங்கிய காட்டுத்தீ மூன்று மாதத்துக்கு மேல் எரிந்து ஐந்து லட்சம் ஹெக்டேருக்கு மேல் அழித்தது. கரிந்த மரத்தண்டுகளில் கொத்துக் கொத்தாகப் பச்சை துளிர்த்து நிற்பதை இன்றும் வழியில் பார்க்கலாம். ரயில் கடந்துவந்த பீடபூமி 2022 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதி. ஆனால் அதற்கு அடியில் நிலக்கரி இருக்கிறது. சுரங்கம் தோண்டினால் மேலே இருக்கும் சதுப்புகளும் ஓடைகளும் வற்றும் என்பவர்களுக்கும், வேலை வேண்டும் என்பவர்களுக்கும் அங்கே பல காலமாக வழக்கு. நியூன்ஸ் குடிசைகளில் இருந்தவர்களை நினைத்தால் இரண்டாவது தரப்பையும் லேசாக ஒதுக்கிவிட முடியவில்லை.

போக விரும்புகிறவர்களுக்கு: போகுமுன் தேசியப் பூங்கா அறிவிப்புகளைப் பார்த்துவிடுங்கள். மலைச்சரிவு, வெள்ளம், தீ என்று ஏதாவது ஒரு காரணத்தால் பாதைகள் மூடப்படுவது உண்டு. கடை கிடையாது, செல்போன் சிக்னல் கிடையாது. தண்ணீரும் புளிசாதமும் கையோடு எடுத்துப் போங்கள். ஆளுக்கு ஒரு டார்ச் வேண்டும். முழங்கால் வலிக்காரர்கள் பள்ளத்தாக்கிலிருந்து ஏறாமல், பீடபூமிப் பக்கமாகக் காரில் போனால் சுமார் ஒரு கிலோமீட்டர் நடையில் சுரங்கப் பாதையை அடையலாம். ஆலையைப் பார்க்க மட்டும் கீழேதான் வர வேண்டும். கோக் அடுப்புகளின் மேல் ஏறாதீர்கள், செங்கல் பிடிப்பு விட்டிருக்கிறது.